மூலையில் பட்ட மை

சவுடம்மன் துணை

பாளையம்பட்டி,
பார்த்திப வருஷம் ஆனி 21 (5-7-1945)

சிரஞ்சீவி நாகசுப்பிரமணியனுக்கு உன் அவ்வா வெங்கடம்மாள் ஆசீர்வாதம் செய்து எழுதியது. இங்கே யாவரும் சுகம். உன் சுகத்துக்கும், மதராஸ் தண்ணீர் உன் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா என்பதற்கும் பதில் போடவும்.

நல்ல சேதிகளை முதலில் எழுதிவிடுகிறேன். உன் தங்கை வெங்கடலட்சுமி கல்யாணமாகிப் போன எட்டு நாளில் புருஷன் வீட்டில் பெயர் எடுத்துவிட்டாள். அவள் வைத்த ரசத்தை மாமனார் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாராம். உன் சித்தப்பா மகன் சுப்புராஜ் எட்டாம் வகுப்பில் பள்ளிக்கே முதல். அத்தை மகள் லிங்கம்மாளுக்கு ஆண் குழந்தை, ஏழு ராத்தல் எடை. எல்லாவற்றுக்கும் மேலே நீ. பௌதிகத்தில் ஆனர்ஸ், அதிலும் முதல் வகுப்பு. தபால்காரர் சோலைச்சாமி, "ஆத்தா, ஒங்க பேரன் என்னதான் படிச்சிருக்காக?" என்று கேட்டார். "வெளிச்சத்தைப் படிச்சிருக்கான்" என்றேன். "அதுக்கு எதுக்குப் படிப்பு? கண்ணைத் தொறந்தாப் போதுமே" என்கிறார். அவர் புத்தி அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு வந்தபோது தபால் வந்ததா என்று கேட்டாயே, இன்னும் ஒன்றும் வரவில்லை. வந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவேன். இந்தத் தெருவில் எல்லார் கடிதத்தையும் வாசித்துச் சொல்கிறவள் நான். உன் கடிதத்தை விட்டுவிடுவேனா?

சேலத்தில் நம் பங்காளி சென்னய்யா தாத்தா படுத்த படுக்கை என்று கேள்வி. கல்யாணம் முடிந்து பதினாறு நாள் ஆகட்டும், பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.

பட்டக் கவுன் போட்டுக்கொண்டு புதிதாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும்.

வெங்கடம்மாள்

*

சிந்தாதிரிப்பேட்டை, மதராஸ்,
14-7-1945

அன்புள்ள அவ்வாவுக்கு நாகு நமஸ்காரம் செய்து எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அவ்வா, இனிமேல் எனக்குத் தபால் வருமென்று பார்த்திருக்க வேண்டாம். சர்வகலாசாலை திறந்தாயிற்று. பௌதிகப் பகுதியில் ஆராய்ச்சிக்கு ஒரே ஓர் இடம். அது என் கூடப் படித்த சந்தனத்துக்குப் போய்விட்டது. அவன் இரண்டாம் வகுப்பு. நல்லவன்தான், அவன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் புரொபசருடன் ஒரு வருஷம் முழுக்க அந்த இருட்டறையில் நின்று, படிகத்துக்குள் ஒளி போய்ச் சிதறுவதைத் தகட்டில் பிடித்துக் கொடுத்தவன் நான். "நீதான் வரவேண்டும், ஜூனுக்குள் உன் ஊர் விலாசத்துக்குக் கடிதம் வரும்" என்று அவர் வாயால் சொன்னார். வேண்டாம் என்றால் அதற்கும் ஒரு கார்டு போட்டிருக்கலாமே?

போய்க் கேட்கச் சொல்கிறார் இங்குள்ள மாமா. மாட்டேன். வேண்டாம் என்றவர் வாசலில் எதற்காகப் போய் நிற்பது?

அந்த இடம் கிடைத்திருந்தால் எம்.எஸ்ஸி., பிறகு லெக்சரர், அதற்கப்புறம் சீமைப் படிப்பு என்று என்னவெல்லாமோ கணக்குப் போட்டிருந்தேன். இப்போது வானிலை இலாகாவில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். போட்டோ எடுக்கிற மனநிலையில் இல்லை. அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

நாகு

*

பாளையம்பட்டி,
ஆடி 10 (25-7-1945)

திருச்சுழி பாடசாலைத் தலைமை ஆசிரியர் ராஜகுரு அவர்களுக்கு, பாளையம்பட்டி வெங்கடம்மாள் வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டியது.

போன வாரம் கோயிலுக்கு வருவதாக வீட்டில் சொல்லிவிட்டு, ஓர் இங்கிலீஷ் கடிதத்தை வாசித்துச் சொல்லும்படி தங்களிடம் வந்தவள் நான். அருப்புக்கோட்டையில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. அங்கே என்னைத் தெரியும். அதனால்தான் உங்கள் ஊருக்கு வந்தேன். "இது ஒங்க கைக்கு என்னைக்கு வந்துச்சும்மா?" என்று கேட்டீர்கள். பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

அது ஆனி 4ஆம் தேதி வந்தது. பேத்தி கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. தை மாதத்திலேயே நடக்க வேண்டிய கல்யாணம் அது. ஒரு பங்காளி இறந்த தீட்டால் அப்போது நின்றுபோய், பெண்ணின் ராசி சரியில்லை என்று மாப்பிள்ளை வீட்டில் பேச ஆரம்பித்திருந்தார்கள். சேலத்தில் இன்னொரு பங்காளி இழுத்துக்கொண்டு கிடந்தார். இந்தச் சமயத்தில் வந்த கவரின் ஒரு மூலை கறுத்திருந்தது. எங்களில் நல்ல காரியக் கடிதத்துக்கு மஞ்சள் தடவுவோம், சாவுச் சேதிக்குக் கறுப்பு. சாவு தெரிந்தால்தானே தீட்டு? பிரிக்காத கடிதத்துக்குத் தீட்டு இல்லை என்று தறி நூல் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டேன். கல்யாணம் முடிந்த பதினாறாம் நாள் எடுத்துப் பிரித்தால் உள்ளேயும் இங்கிலீஷ். தாங்கள் வாசித்தபோதுதான் அது என் பேரனுக்கு வந்தது என்று உறுதியாயிற்று.

சம்மதத்தை ஜூன் 30க்குள் எழுத வேண்டும் என்று போட்டிருப்பதாக வாசித்தீர்கள். அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டதாக இப்போது பேரன் எழுதியிருக்கிறான். அவனுக்கும் ஏதாவது வழி உண்டா என்று தாங்கள் அந்தப் புரொபசருக்கு ஒரு வரி எழுதிக் கேட்க வேண்டும். காரணம் எழுத வேண்டாம். என் பெயரும் வேண்டாம்.

வெங்கடம்மாள்

*

திருச்சுழி,
10-9-1945

அம்மையார் அவர்களுக்கு ராஜகுரு வணக்கம். நலம், தங்கள் நலமும் அவ்வாறே ஆகுக.

தாங்கள் சொன்னபடி காரணம் ஏதும் காட்டாமல் எழுதினேன். பதில் வந்துவிட்டது. ஜூலை 10 வரை காத்திருந்து பார்த்துவிட்டு, அடுத்த மாணவருக்கு இடத்தைக் கொடுத்தாராம். "பதில் போடக்கூட மனமில்லாத மாணவனுக்காக முன்பின் தெரியாத நீங்கள் கேட்பது ஆச்சரியம்" என்று எழுதியிருக்கிறார். வரும் வருஷம் மறுபடியும் ஓர் இடம் உண்டு. ஆனால் பேரன் தன் கைப்பட மே 31க்குள் எழுத வேண்டும். பிறர் சிபாரிசை ஏற்கமாட்டார்.

அம்மா, அவர் இவனைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்திருக்கிறார். இவன் அவரை வார்த்தை தவறியவர் என்று நினைத்திருக்கிறான். இரண்டும் இல்லை என்று தெரிந்தவர்கள் தாங்களும் நானும்தான். நான் வெளியாள். தங்கள் சம்மதமில்லாமல் பேரனுக்கு எழுதுவது முறையாகாது.

ராஜகுரு

*

பாளையம்பட்டி,
ஐப்பசி 23 (8-11-1945)

சிரஞ்சீவி நாகுவுக்கு அவ்வா ஆசீர்வாதம். சுகம். உன் சுகத்துக்கு எழுது.

வெங்கடலட்சுமி தலைதீபாவளிக்கு வந்து போனாள். மாப்பிள்ளைக்கு நம் வீட்டு முறுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சுப்புராஜ் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறான். நீ வராத குறைதான். உனக்கென்று எடுத்து வைத்த முறுக்கு டப்பாவோடு அப்படியே இருக்கிறது.

ஐயா, அந்தப் புரொபசருக்கு நீ ஒரு கடுதாசி போடேன். பெரியவர்கள் ஆயிரம் வேலையில் இருப்பார்கள். கடிதம் போட்டு, வழியில் எங்கேயாவது தவறிப்போயிருக்கலாம். தபாலில் என்னவெல்லாமோ நடக்கிறது. வருகிற வருஷம் ஓர் இடம் காலியாகலாமே? நீயே உன் கையால் எழுதிக் கேள்.

பொங்கலுக்கு இரண்டு நாள் வந்துவிட்டுப் போ. உன்னிடம் நேரில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பெரிய காரியம் ஒன்றுமில்லை.

போட்டோ எடுத்தாயா?

வெங்கடம்மாள்

*

மதராஸ்,
20-12-1945

அவ்வாவுக்கு நாகு நமஸ்காரம். நலம். எண்ணெய் தேய்த்துக்கொள்கிறீர்களா, முழங்கால் தேவலையா?

பொங்கலுக்கு லீவு இல்லை. தினம் இரண்டு வேளை பலூன் பறக்கவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று தொலைநோக்கியில் பார்த்து எழுதுவது என் வேலை. அவ்வளவுதான். இதற்கு ஆனர்ஸ் தேவையில்லை, சோலைச்சாமி அண்ணாச்சி சொன்னதுபோல் கண்ணைத் திறந்தால் போதும்.

புரொபசருக்கு எழுதச் சொல்கிறீர்கள். போன வாரம் இங்கே ஒரு சாஸ்திரக் கூட்டம் நடந்தது, வந்திருந்தார். படியில் எதிரே பார்த்ததும் கும்பிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலே போய்விட்டார். கூட வந்தவன், "ஏலே நாகு, அவரு காசைக் களவாண்டியாலே?" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அன்றோடு விட்டுவிட்டேன். ஒருவேளை எனக்கு அந்தத் தகுதி இல்லையோ என்னவோ. அவருக்கு அது முன்னாலேயே தெரிந்திருக்கும்.

இதைப்பற்றி இனி எழுத வேண்டாம், அவ்வா. நேரில் சொல்ல வேண்டியதைக் கடிதத்திலேயே சொல்லுங்கள்.

நாகு

*

மதராஸ்,
2-4-1946

அவ்வாவுக்கு நாகு நமஸ்காரம். நலம். மூன்று மாதமாக உங்களிடமிருந்து கடிதமே இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

கராச்சியில் விமான நிலையத்துக்கு வானிலை பார்க்கிற நிரந்தர வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஐந்து வருஷத்துக்கு விலகமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஜூன் முதல் தேதிதான் கடைசி. போடுவதாக இருக்கிறேன். அப்பாவுக்கும் சம்மதம்.

பரணில் என் பௌதிக நோட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றை மளிகைக் கடைக்கு எடைக்குப் போட்டுவிடுங்கள். கெட்டித் தாள்தான், புளி கட்ட ஆகும்.

நாகு

*

திருச்சுழி,
1-5-1946

அம்மையார் அவர்களுக்கு, நலம், நலமறிய ஆவல். இன்னும் முப்பது நாள் இருக்கிறது. இனி நான் நினைவூட்டமாட்டேன்.

ராஜகுரு

*

பாளையம்பட்டி,
விய வருஷம் சித்திரை 29 (12-5-1946)

நாகுவுக்கு அவ்வா எழுதியது.

வழக்கம்போல் சுகம் என்று எழுதிவிட்டு அடித்தேன். உன் நோட்டுகளை எடைக்குப் போடவில்லை. பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, நூல் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். உள்ளே ஓர் எழுத்தும் எனக்கு விளங்கவில்லை. உன் கையெழுத்து மட்டும் தெரிந்தது.

இதோடு ஒரு கவர் வைத்திருக்கிறேன். முதலில் அதை வாசித்துவிட்டு வா.

வாசித்தாயா? அதிலிருக்கும் தேதியைப் பார்த்தாயா? உன் புரொபசர் வார்த்தை தவறவில்லை. உனக்குத் தகுதி இல்லாமலும் இல்லை. முதல் கடிதமே உனக்குத்தான் வந்தது.

போன வருஷம் ஆனி 4ஆம் தேதி, சோலைச்சாமி அதை என் கையில் கொடுத்தார். "ஆத்தா, இங்கிலீசு விலாசம்" என்றார். யார் பெயருக்கு என்று நான் கேட்கவில்லை. என் கண் அந்த மூலையில் போய் நின்றுவிட்டது. கறுத்திருந்தது. சேலத்து மனிதர்களும் விலாசத்தை இங்கிலீஷில்தான் எழுதுவார்கள். சென்னய்யா தாத்தா போய்விட்டார் என்று முடிவு கட்டினேன். உன் அம்மா உள்ளேயிருந்து, "யாரு அத்தே, தபாலா?" என்று கேட்டாள். "எதிர் வீட்டுக்கு" என்றேன். பிரித்தால் தீட்டு, தீட்டென்றால் கல்யாணம் மறுபடி நிற்கும். வெங்கடலட்சுமி அந்தச் சமயத்தில் மருதாணி அரைத்துக்கொண்டிருந்தாள். நூல் பெட்டியைத் தூக்கி அடியில் சொருகினேன்.

நீ கல்யாணத்துக்கு வந்தாய். வந்த வேகத்தில் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்து காபி குடித்தாய்.

"அவ்வா, எனக்கு எதுவும் தபால் வந்துச்சா?"

"வரலையே ஐயா."

"நல்லாப் பாத்தீங்களா? இங்கிலீஷ்ல இருக்கும்."

"வந்தா ஒன்கிட்டச் சொல்ல மாட்டனா?"

இங்கிலீஷ் என்று நீ சொன்னபோது என் கண் அந்தப் பெட்டியின் அடிக்குப் போனது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அப்போதே பெட்டியைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். சேலத்துக் கடிதம்தான், அதுதான், அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு ஆனி 13. இன்னும் மூன்று நாள் இருந்திருக்கிறது. ஒரு தந்தி போட்டிருந்தால் போதும்.

கல்யாணம் முடிந்த பதினாறாம் நாள் காலையில் முற்றத்து வெயிலில் வைத்துப் பிரித்தேன். வெயிலில் பார்த்தால் அந்த மூலை கறுப்பே இல்லை. நீலம். யாரோ எழுதும்போது மை கொட்டியிருக்கிறது. வீட்டுக்குள் மங்கலில் கறுப்பாகத் தெரிந்தது வெளியே நீலமாக இருந்தது. வெளிச்சத்தைப் படித்தவனுக்கு இது ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஐந்தாம் வகுப்புக்காரிக்கு அத்தனை நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அதுவாவது தப்பு என்று சொல்லலாம். அதற்குப் பிறகு பத்து மாதம் சொல்லாமல் இருந்தேனே, அதற்கு என்ன சொல்வது? தெரு முழுக்க, "வெங்கடம்மா வாசிச்சா ஒரு எழுத்து விடமாட்டா" என்பார்கள். அந்தப் பெயர் போய்விடுமே என்று பயந்தேன். அதைவிட, நீ என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்று பயந்தேன். திருச்சுழி ராஜகுரு வாத்தியாரைக் கொண்டு உன் புரொபசருக்கு எழுதச் சொன்னபோதுகூடக் காரணத்தை மறைக்கச் சொன்னேன். அதனால்தான் அவர் படியில் உன்னைப் பார்த்து முகத்தைத் திருப்பினார். அந்தத் திருப்பல் உனக்கு வந்ததல்ல ஐயா, எனக்கு வந்தது.

இந்த வருஷமும் ஓர் இடம் உண்டாம். மே 31க்குள் நீ உன் கைப்பட எழுத வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுது. என் பெயரைப் போட்டே எழுது. கராச்சிக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. என் மேல் உள்ள கோபத்தில் போட்டுவிடாதே.

உன் அப்பா அம்மாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். உன் அப்பா எழுந்து தறியில் போய் உட்கார்ந்தார். உன் அம்மா, "சென்னய்யா மாமா இன்னும் கல்லுக் கணக்கா இருக்காக. அவுகளுக்கா எம் புள்ளை படிப்பப் பலி குடுத்தீக?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரி.

நல்ல சேதி அனுப்பினால் மூலையில் மஞ்சள் தடவ வேண்டும். இதற்கு எதைத் தடவுவது என்று தெரியாமல் வெறுமனே அனுப்புகிறேன்.

வெங்கடம்மாள்

*

சர்வகலாசாலை விடுதி,
8-7-1946

ஜூலை முதல் தேதி பௌதிகப் பகுதியில் சேர்ந்துவிட்டேன். புரொபசரிடம் கவரைக் காட்டினேன். அந்த மூலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மை அவருடைய மேஜையில் கொட்டியதுதானாம்.

நோட்டுப் பெட்டியை ரயில் பார்சலில் அனுப்பவும்.

நா. சு.

*

சவுடம்மன் துணை

பாளையம்பட்டி,
ஆவணி 17 (2-9-1946)

சிரஞ்சீவி நாகுவுக்கு அவ்வா ஆசீர்வாதம். நீ கார்டில் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நான் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

நோட்டுப் பெட்டி வந்து சேர்ந்திருக்கும். உன் அப்பா தானே சாத்தூர் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்சல் போட்டார். வந்ததற்கு நீ எழுதவில்லை. ரசீது அவரிடம் இருக்கிறது, அதனால் வந்திருக்கும் என்று வைத்துக்கொண்டோம்.

இங்கே ஒரு சேதி. வெங்கடலட்சுமிக்கு ஏழாம் மாதம். போன வெள்ளிக்கிழமை நம் வீட்டில் வளைகாப்பு வைத்திருந்தோம். வளையல்காரர்கூட வந்து உட்கார்ந்துவிட்டார். சோலைச்சாமி ஒரு கார்டைக் கொண்டுவந்து நீட்டினார். மூலையில் கரி. சந்தேகமே இல்லாத கரி, கையில் ஒட்டியது. உன் அம்மா பார்த்துவிட்டாள். "அத்தே, நாளைக்கு வாசிச்சுக்கலாம்" என்று கெஞ்சினாள். நான் முற்றத்து வெயிலில் நின்று, எல்லார் முன்னாலும் உரக்க வாசித்தேன். சென்னய்யா தாத்தா போய்விட்டார். வளைகாப்பு நின்றது. வளையல்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். வெங்கடலட்சுமி அழுதாள். சம்பந்தி வீட்டார் சாப்பிடாமல் வண்டி ஏறினார்கள். உன் அம்மா நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. பேத்தியிடம் இன்னும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. என்னவென்று கேட்பது? அன்றைக்கு அவளுக்காகத்தான் மறைத்தேன், இன்றைக்கு உனக்காகத்தான் மறைக்கவில்லை. இரண்டு தரமும் யாராவது ஒருவர் அழுதார்கள்.

இப்போது எந்தத் தபால் வந்தாலும் வாங்கிய இடத்திலேயே பிரித்துவிடுகிறேன். தெருவில் என்னிடம் வாசிக்கக் கொடுப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். நானே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், அதனால்.

நீ ஜூலையில் போட்ட கார்டுக்குப் பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. எழுதலாமா, கூடாதா என்று தெரியவில்லை. நீ பெரிதாக எழுத வேண்டாம். சுகம் விசாரிக்கவும் வேண்டாம். ஒரே ஒரு போட்டோ மட்டும் அனுப்பு. சுவரில் மாட்டியிருக்கிற உன் படம், நீ ஆனர்ஸில் சேர்ந்த வருஷம் எடுத்தது. அதில் இருக்கிற பிள்ளை, வந்தால் சொல்லமாட்டேனா என்று நான் கேட்டதும் அப்படியே நம்பிய பிள்ளை. தினம் விளக்கேற்றும்போது அதைப் பார்க்க முடியவில்லை.

இப்போது இருக்கிற முகத்தை எடுத்து அனுப்பு. சிரித்திருக்க வேண்டும் என்று இல்லை. பின்பக்கம் ஒன்றும் எழுதாவிட்டாலும் சரி. வந்த அன்றைக்கே பிரித்துப் பார்ப்பேன்.

வெங்கடம்மாள்